காவலன் உறங்கினால் கரை ஏது?

‘கடல் கொண்ட தென்னாடு!’ மேடையிலே இந்தச் சொல் விழுந்ததும் எழும் கையொலியைக் கேட்டிருப்பீர்கள், தோழர்களே! பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடல்வாய்ப் பட்டதைச் சிலம்பு பேசுகிறது. தென்மதுரையும் கபாடபுரமும் மறைந்ததை இறையனார் களவியல் உரை பேசுகிறது. கேட்கக் கேட்க நெஞ்சு விம்முகிறது.

நாம் மட்டுமா இப்படி? மேலைநாட்டுக் கெல்ட் இனத்தாரும் இதே கதை சொல்கிறார்கள். பிரான்சின் பிரித்தானிக் கரையிலே ‘ஈஸ்’ என்ற நகரம் மூழ்கியதாம். வேல்ஸ் நாட்டுக் கார்டிகன் விரிகுடாவிலே வளமான நாடொன்று மூழ்கியதாம். எப்படி? மதகுக் காவலன் சைதெனின் குடித்துக் கிடந்தான். மதகு திறந்து கிடந்தது. நாடு நீருக்குள் போயிற்று!

பகுத்தறிவு பேசும் நாம் ஆராய்ச்சிக்கு அஞ்சத் தேவையில்லை. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் ‘லெமூரியா’ என்று பெயரிட்ட பெருங்கண்டம் இருந்ததில்லை. கண்டங்களே நகர்கின்றன என்று பின்னாளில் தெளிவாயிற்று. ஆனால், கரைகள் மூழ்கியது மெய். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகியது, கடல் ஏறியது.

அது இயற்கை செய்தது. இராயபுரத்திலே நடந்தது யார் செய்தது?

1876இல் தொடங்கிய வேலையால் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் மணலை அது மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்தது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று குப்பம் குப்பமாகக் குடிசையும் வீடும் தெருவும் அலைக்கு இரையாயின. அங்கே காற்று வாங்கக் கடற்கரை. இங்கே காலை இடறும் கருங்கல்!

துறைமுகம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை! அது நமக்குச் சோறு போடுகிறது. ஆனால், பாறை கொட்டிய இடம் தப்பினால் அதற்கு வடக்கே உள்ள குப்பம் அரிக்கப்படுகிறது. தேங்கிய மணலை எடுத்து வடக்கே சேர்ப்பதே நேரான வழி. சுவர் கட்டுகிறவன் மணலுக்கும் கணக்குச் சொல்லட்டும். கட்டுவதற்கு முன்பே சொல்லட்டும்! எண்ணூருக்கு வடக்கே மேலும் துறைமுகங்கள் எழுந்துவிட்டன. பழவேற்காட்டுக் கரையும் இதே கணக்கைத்தான் கேட்கிறது.

குமரிக்கோட்டைக் காக்க அன்று நாம் இல்லை. திருவொற்றியூர்க் கரையைக் காக்க இன்று இருக்கிறோம். காவலன் உறங்கினான் என்ற கதை நாளை நம் பெயரால் சொல்லப்படலாமா, தோழர்களே?