சென்னையில் கண்டுபிடிச்ச சிறுகோள்... கூடவே சுற்றும் 2 நிலவுகள்! சில்வியாவை 'எடை போட்டது' எப்படி?

சிறுகோள் என்றாலே 'பூமி மேல மோதிடுமா?' என்ற கேள்விதான் முதலில் வரும். சில்வியா அந்த ரகம் இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில், ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. இதற்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

கண்டுபிடிச்சது யார்?

1866 மே 16. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்து நார்மன் போக்சன் இதைக் கண்டுபிடித்தார். 1861-ல் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தவரும் இவரே. ஆசியக் கண்டத்தில் இருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான்.

எவ்வளவு பெருசு?

சில்வியா உருண்டை கிடையாது, உருளைக்கிழங்கு மாதிரி நீண்டிருக்கும். நீளவாக்கில் சுமார் 360 கி.மீ. சென்னையில் கிளம்பி திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் தாண்டி, திருச்சியையும் கொஞ்சம் கடந்தால் வரும் தூரம். தன்னைத்தானே சுற்ற 5 மணி 11 நிமிடம் போதும். விழுப்புரத்தில் இருந்து பஸ்ஸில் சென்னை போய்த் திரும்புவதற்குள் அங்கே ஒரு 'நாள்' முடிந்துவிடும். மேற்பரப்பு கரி போல இருண்டது. விழும் ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது.

நிலவுகள் எதுக்கு முக்கியம்?

2001-ல் ஹவாயின் கெக் தொலைநோக்கி மூலம் ரோமுலஸ் என்ற நிலவு தெரியவந்தது. ரெமுஸ் என்ற இரண்டாவது நிலவு 2005-ல் அறிவிக்கப்பட்டது. இரண்டு நிலவுகள் உள்ள சிறுகோள் ஒன்று அறியப்பட்டது அதுவே முதல்முறை. ரோமானியப் புராணத்தில் ரியா சில்வியா பெற்ற இரட்டைக் குழந்தைகளின் பெயர்கள் இவை. பெரிய நிலவான ரோமுலஸின் குறுக்களவே 20 கி.மீ.க்குள்தான். திண்டிவனம் - விழுப்புரம் தூரத்தில் பாதி!

நிலவு எவ்வளவு தொலைவில், எத்தனை மணி நேரத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால், நடுவில் இருப்பதன் நிறையைக் கணக்கிடலாம். ரோமுலஸ் சுமார் 1,350 கி.மீ. தொலைவில் 88 மணி நேரத்திலும், ரெமுஸ் சுமார் 700 கி.மீ. தொலைவில் 33 மணி நேரத்திலும் சுற்றுகின்றன. தராசே இல்லாமல் எடை போட்டது இப்படித்தான்.

உள்ளே என்ன இருக்கு?

நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி வரும். சில்வியாவுக்கு அது தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குகூட இல்லை. செஞ்சிக் கோட்டை மலையின் கருங்கல்லோ இரண்டரை மடங்குக்கு மேல். அப்படியானால் சில்வியா முழுக்க கெட்டிப் பாறையாக இருக்க முடியாது. செஞ்சி மலைகளைத் தூரத்தில் இருந்து பார்த்தால் பாறாங்கற்களைக் கொட்டிக் குவித்தது போலத் தெரியுமே, அதுபோல உள்ளே நிறைய இடைவெளி இருக்கலாம். பனியும் கலந்திருக்கலாம். பழைய மோதல் ஒன்றில் சிதறிய துண்டுகளே நிலவுகளாக மாறியிருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

இது தெரிஞ்சு என்ன பயன்?

2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற குட்டிச் சிறுகோளில் வேண்டுமென்றே மோதி, அதன் சுற்றுக் காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்தது. நாளை நிஜமாகவே ஒரு சிறுகோள் பூமியை நோக்கி வந்தால், அது கெட்டிப் பாறையா, கற்குவியலா என்பதைப் பொறுத்துத்தான் அதை எப்படித் தள்ளுவது என்று முடிவு செய்ய முடியும். அந்தப் பாடத்தைக் கற்றுத்தரும் சிறுகோள்களில் ஒன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்து கண்டறியப்பட்ட சில்வியா.