ஒரே வம்சத்துச் சுண்டெலிகள்

ஒரே துன்பத்துக்கு ஆளான இருவரில் ஒருவர் சில நாட்களில் எழுந்து தம் காரியத்தைப் பார்க்கப் போவதும், மற்றவர் ஊணும் உறக்கமும் கெட்டு மாதக்கணக்கில் விரக்தியில் அமிழ்ந்து கிடப்பதும் நாம் நித்தமும் காண்கிற விஷயமேயாயினும், அதற்குக் காரணம் மனோதிடம் என்றோ வளர்ப்பு என்றோ பூர்வ கர்மம் என்றோ அவரவர் மனப்போக்கின்படி ஏதேனும் ஒன்றைச் சொல்லித் திருப்தியடைந்துவிடுவதே உலக வழக்கம். நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவனும் கார்லா நஸ்காவும் அவர்களுடைய சகாக்களும் இந்தக் கேள்வியைச் சுண்டெலிகளிடம் கொண்டு போனார்கள்.

பரம்பரைக் கூறுகளில் பேதமே இல்லாதபடி ஒரே வம்சத்தில் வளர்க்கப்பட்ட அந்தப் பிராணிகளை, பாதி வெளிச்சமும் பாதி இருளுமான பெட்டியில் விட்டபோது, சில வெளிச்சத்தில் தாராளமாக உலவின. சில இருட்டிலேயே பதுங்கின. இப்படி இனம் பிரித்த பின் எல்லாவற்றையும் நீடித்த துன்பங்களுக்கு உட்படுத்தினார்கள். இருளை நாடியவை சோர்வுற்றன; அவற்றின் மூளையில், ஞாபகத்துக்கும் உணர்ச்சிக்கும் இருப்பிடமான ஹிப்போகாம்பஸில், இரசாயனத் தூதை வாங்கிக்கொள்ளும் எம்குளூ-2 என்ற ஏற்பி குறைந்திருந்தது. மற்றவற்றில் அந்தக் குறைவு இல்லை. இந்த முடிவு 2015-இல் வெளியாயிற்று.

அந்த ஏற்பி ஏற்பது குளூட்டமேட் என்னும் திரவியத்தை. 1908-இல் டோக்கியோவில் கிகுனாயே இகேடா கடற்பாசிச் சாற்றின் ருசிக்கு மூலமென்று கண்டறிந்ததும், அஜினமோட்டோ என்று நம் சமையலறைகளுக்கு வந்து சேர்ந்ததும் இதுவே. உண்ணும் குளூட்டமேட் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுவது மிக அற்பமாதலால், மனச்சோர்வுக்காக ஹோட்டல் ஃப்ரைட் ரைஸின் மேல் பழி சுமத்த வேண்டியதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நரம்பணுக்களைக் கிளர்ச்சியுறச் செய்யும் தூதர்களில் இதுவே பிரதானமானது. அது அளவு மீறிச் சுரக்கும்போது, சுரக்கும் நரம்பு முனையிலேயே அமர்ந்திருக்கும் எம்குளூ-2, வயல் நிறைவதைப் பார்த்து மதகை இறக்கும் மடைக்காரனைப் போல, மேலும் சுரவாதபடி தடுத்துவிடுகிறது. மூன்று வாரம் தினந்தோறும் அடைபட்டுத் துன்புற்ற எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகிப் போவதை மெக்யூவனின் ஆய்வகம் 1992-லேயே கண்டிருந்தது. அந்தச் சிதைவில் குளூட்டமேட்டுக்கும் பங்குண்டு.

பரம்பரை ஒன்றாயிருக்க ஏற்பி மட்டும் ஏன் குறைய வேண்டும்? இளம்பிராயத்து அனுபவங்கள் மரபணுவை மாற்றாமலே, அது இயங்கும் விதத்தை மாற்றிவிடுகின்றன என்பது நஸ்கா குழுவினரின் கருத்து. அசிட்டைல்-கார்னிடின் என்னும் பொருளைக் கொடுத்தால் எம்குளூ-2-இன் மரபணு மறுபடியும் ஊக்கம் பெறுவதையும், பழைய மனச்சோர்வு மருந்துக்கு இரண்டு வாரம் பிடித்த குணம் மூன்றே நாளில் தெரிவதையும் 2013-இல் அவர்கள் எலிகளில் கண்டார்கள். கடும் மனச்சோர்வு நோயாளிகளின் இரத்தத்தில் இந்தப் பொருள் குறைந்திருப்பது 2018-இல் தெரிந்தது. குறைந்திருப்பதனாலேயே அதுதான் காரணம் என்றாகிவிடாது. கடையில் விற்கும் கார்னிடின் புட்டியை வாங்கி விழுங்க இது பிரமாணமும் அல்ல.

விவகாரம் இத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1962-இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாகத் தயாரிக்கப்பட்ட கெட்டமின், என்எம்டிஏ என்ற வேறொரு குளூட்டமேட் ஏற்பியை அடைக்கும் ஔஷதம். வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுள்ள 17 பேருக்கு அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் அதைச் சொற்ப அளவில் இரத்தநாளம் வழியே ஏற்றியபோது, மறுநாளே 12 பேருக்குக் கணிசமான நிவாரணம் கிடைத்ததாக 2006-இல் அறிவித்தார்கள். ஒரு வாரம் வரை அது நிலைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே. ஏற்பியை அடைக்கும் இந்த மருந்தோ, எலிகளின் முன்மூளையில் குளூட்டமேட்டைத் தணிப்பதற்குப் பதில் சிறிது நேரம் பெருகச் செய்கிறது! யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமனின் குழு 2010-இல், அதே பகுதியில் புதிய நரம்பிணைப்புகள் ஒரு நாளுக்குள் முளைப்பதைக் காட்டிற்று. போதாக்குறைக்கு, எம்குளூ-2-ஐ அடைக்கும் மருந்துகளும் எலிகளின் சோர்வைப் போக்குகின்றன. நீடித்த பெருக்கம் கிளைகளை வாட்டுவதும், கணநேரப் பெருக்கம் தளிர்க்கச் செய்வதும் உண்மையானால், குளூட்டமேட் பெருக்கம் சோர்வைத் தரும் என்பதும் போக்கும் என்பதுமான இரண்டு கூற்றுகளும் ஒத்துப்போகக்கூடும். ஆராய்ச்சியாளர்கள் இப்போது தர்க்கித்துக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான்.