டேட்டோனா: பாதி கடற்கரை, பாதி தார் ரோடு

கண்ணூர் பக்கத்தில் முழப்பிலங்காடு என்று ஒரு கடற்கரை இருக்கிறது. சுமார் 4 கிலோமீட்டருக்கு மணல் மேலேயே கார் ஓட்டலாம். குடும்பத்தோடு போயிருந்தபோது மச்சினன்தான் ஓட்டினான். "மாமா, நம்ம முசரவாக்கம் ரோட்டை விட இது நல்லா இருக்கு" என்றான். பொய்யில்லை, நேராகப் போகிறவரைக்கும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வரலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்த இடத்தில், அதற்கு முன்பே பத்துப் பதினைந்து வண்டிகள் திரும்பியிருந்த அதே இடத்தில், முன் சக்கரம் புதைந்துவிட்டது. அலை வேறு ஏறிக்கொண்டிருந்தது. மீன் பிடிக்கிறவர்கள் நாலு பேர் வந்து ஒரு பலகையைக் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் அந்த இடம் மனசை விட்டுப் போகவில்லை. நேரா போனா ஒண்ணும் ஆகலை, திரும்பினா மட்டும் ஏன்? அதைத் தேடப் போய்த்தான் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து டேட்டோனா கடற்கரைப் பந்தயத்தில் போய் நின்றேன்.

முதலில் மணல் விஷயம். டேட்டோனா மணல் பொடிமணல், சரிவும் ரொம்பக் குறைவு. கடல் உள்வாங்கும்போது அகலமான ஈரத்தரை கிடைக்கும். மணல் துகள்களுக்கு நடுவில் இருக்கும் கொஞ்சம் தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தரை கெட்டியாக இருக்கிறது. நம்ம மெரினாவில் தண்ணீருக்குப் பக்கத்தில் நடக்கிறதுக்கும், மேலே சுண்டல் வண்டி நிற்கிற இடத்தில் நடக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் சக்கரம் திரும்பும்போது மணலைப் பக்கவாட்டில் அறுக்கிறது. மேல் தோல் கிழிந்ததும் கீழே இருப்பது வெறும் பொலபொல மணல். அடுத்து வருகிற வண்டி அதே பள்ளத்தில் இறங்கி இன்னும் ஆழமாக்கும்.

நேராக மட்டும் ஓடினவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. 1903-லிருந்து இந்தப் பக்கத்துக் கடற்கரையில் வேகச் சாதனை ஓட்டங்கள் நடந்தன. 1935 மார்ச்சில் மால்கம் கேம்ப்பெல் மணிக்கு 276 மைல், அதாவது சுமார் 445 கிலோமீட்டர் வேகம் தொட்டார். அதே வருஷம் அவர் யூட்டாவில் உள்ள பான்வில் உப்புத்தரைக்குப் போய் 300 மைலைத் தாண்டிவிட்டார். அதோடு சாதனைக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட, டேட்டோனா ஊருக்குக் கூட்டம் கொண்டுவர வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

நகராட்சி, உள்ளூரில் இருந்த சிக் ஹாக்டால் என்ற பழைய பந்தய வீரரைக் கேட்டது. அவர் போட்ட திட்டம் எளிமையானது. கடலை ஒட்டியே ஏ1ஏ என்ற தார் ரோடு போகிறது. அதில் தெற்கே ஓடி, மணல்மேட்டைக் கடந்து கடற்கரையில் இறங்கி, மணலில் வடக்கே ஓடி, மறுபடி மேடேறி ரோட்டைப் பிடிக்கணும். ஒரு சுற்று 3.2 மைல், நம்ம கணக்கில் 5.1 கிலோமீட்டர். தறியில் நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வருகிற மாதிரி, இரண்டு நேர்கோடு, இரண்டு திருப்பம். திருப்பம் இரண்டும் மணலில்.

1936 மார்ச் 8-ஆம் தேதி முதல் பந்தயம். ஓடியவை வீட்டுக்கு வாங்குகிற சாதாரண கார்கள், 'ஸ்டாக் கார்' என்பதன் அர்த்தமே அதுதான். 78 சுற்று, 250 மைல் என்று திட்டம். டிக்கெட் கிழிக்கிறவர்கள் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இடம் பிடித்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திருப்பங்கள் இரண்டும் உழுத வயல் மாதிரி ஆகி, கார்கள் சிக்கி, யார் எத்தனை சுற்று ஓடினார்கள் என்ற கணக்கிலேயே சண்டை வந்தது. 75 சுற்றோடு நிறுத்திவிட்டார்கள். ஃபோர்டு வி8 ஓட்டிய மில்ட் மேரியனுக்கு வெற்றி. நகராட்சிக்கு 22,000 டாலர் நஷ்டம். மறுபடி நகராட்சி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்தப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தவர் பில் ஃபிரான்ஸ் என்ற மெக்கானிக். நகராட்சி கைகழுவிய வேலையை 1938-இல் அவர் எடுத்துக்கொண்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான், கொஞ்சம் கில்லாடியும்கூட. மணல்மேட்டுப் புதர் வழியாக ஓசியில் நுழைகிறவர்களைத் தடுக்க, 'பாம்பு ஜாக்கிரதை' என்று போர்டு வைத்தார்.

போருக்குப் பிறகு பழைய இடத்தைச் சுற்றி வீடுகள் வந்துவிட, பந்தயப் பாதை இன்னும் தெற்கே நகர்ந்தது. 1947 டிசம்பரில் டேட்டோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில்தான் நாஸ்கார் அமைப்பு உருவானது. அதன் முதல் பந்தயம் 1948 பிப்ரவரி 15, இந்தக் கடற்கரையில், 2.2 மைல் பாதையில். ரெட் பைரன் ஜெயித்தார். பிறகு சுமார் 4.1 மைல் நீளமுள்ள பெரிய பாதையும் வந்தது. நேர்கோடு நீண்டதால் வேகம் கூடியது. திருப்பத்தில் பிரேக் பிடிக்கத் தவறினால் மேடு தாண்டி விழ வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மேலே கடல். காஞ்சிபுரத்தில் தெருவில் பாவு போடுகிறவர்கள் வெயிலையும் மழையையும் பார்த்து நேரம் வைக்கிற மாதிரி, இங்கே பந்தயம் எத்தனை மணிக்கு என்பதை ஓதம் முடிவு செய்தது. கடல் ஏறி இறங்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். போன வருஷம் மதியம் வைத்தோம், இந்த வருஷமும் வைப்போம் என்று சொல்ல முடியாது. 1952-இல் தண்ணீர் ஏறிவிட்டதால் 39 சுற்றில் இரண்டைக் குறைத்து 37-லேயே முடித்தார்கள்.

வேறு வேலைக்கு இருந்த தரையைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்ட கதை நம்ம பக்கமும் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல வருஷம் கார் பந்தயம் நடந்தது. அங்கே ஓதம் கிடையாது, ஆனால் ஓடுதளமும் நேராக ஓடப் போட்டதுதானே. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வருகிற இருங்காட்டுக்கோட்டை பாதை, பந்தயத்துக்கென்றே கட்டி 1990 வாக்கில் திறந்தது.

டேட்டோனாவிலும் அப்படித்தான் ஆனது. கடற்கரையின் கடைசிப் பெரிய பந்தயம் 1958 பிப்ரவரியில் நடந்தது, வென்றவர் பால் கோல்ட்ஸ்மித். அடுத்த வருஷம் ஃபிரான்ஸ் ஊருக்குள் 2.5 மைலில் புதுப் பாதையைத் திறந்தார். அதில் திருப்பங்களை 31 டிகிரி சாய்வாக எழுப்பியிருந்தார், வேகத்தைப் பெரிதாகக் குறைக்காமலே திரும்பலாம். அவ்வளவு மண்ணுக்கு நடுவில் தோண்டிய பள்ளம் இன்று லாய்டு ஏரி.

பழைய வடக்குத் திருப்பம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாப்பாட்டுக்கடை. கடற்கரையில் இன்னும் சில பகுதிகளில் காரை இறக்கலாம். வேக வரம்பு மணிக்கு 10 மைல்.