செஸானின் கோணல் மேசை

உங்கள் வீட்டுச் செம்பின் வாய் என்ன வடிவம்? 'வட்டம்' என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கண்ணுக்கு அது வட்டமாகத்தான் தெரிகிறதா?

நயினார்கோவிலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு மேசை. அதன்மேல் ஒரு பித்தளைச் செம்பு. அதற்குச் சற்றுப் பின்னால் மிளகாய் வற்றல் நிறைந்த ஓலைக் கொட்டான். நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால்தான் செம்பின் வாய் வட்டம். கண்ணை வாயின் மட்டத்திற்கு இறக்கினால் அது வெறும் கோடு. இடையில் எங்கிருந்து பார்த்தாலும் நீள்வட்டம். பார்வை 30 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், நீள்வட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் சரிபாதி. ஏனெனில் சைன் 30 பாகையின் மதிப்பு 1/2.

ஒருமுறை மாணவன் ஒருவன், ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் பீக்கரின் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைந்திருந்தான். ஒரே இடத்திலிருந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டும் சேர்ந்து தெரியா. சிவப்பு மையால் 'தவறு' என்று எழுதினேன். பின்னர் ஓர் ஓவியத்தின் அச்சுப்படத்தைக் கண்டபோது என் தீர்ப்பில் எனக்கே ஐயம் எழுந்தது.

பிரெஞ்சு ஓவியர் பால் செஸான் 1893-ஆம் ஆண்டளவில் தீட்டிய 'ஆப்பிள் கூடை' அது. மூலம் சிகாகோ கலைக்கூடத்தில் உள்ளது. அதில் அரசரும் இல்லை, போர்க்களமும் இல்லை. ஒரு மேசை, வெள்ளைத் துணி, புட்டி, தட்டில் அடுக்கிய பிஸ்கட்டுகள், சாய்ந்த கூடை, ஆப்பிள்கள், அவ்வளவுதான். ஆனால் புட்டி ஒருபக்கமாகச் சாய்கிறது. மேசையின் முன்விளிம்போ, துணிக்கு இடப்புறம் ஒரு மட்டத்திலும் வலப்புறம் வேறொரு மட்டத்திலும் ஓடுகிறது!

செஸானுக்கு வரையத் தெரியாதா? அப்படியில்லை. 15-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய ஓவியர்கள், அசையாத ஒற்றைக் கண் காணும் காட்சியையே வரைய முயன்றனர். காமிரா செய்வதும் அதுவே. டாகரின் புகைப்பட முறை பாரிசில் அறிவிக்கப்பட்டது 1839-இல். செஸான் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆனால் மனிதன் காமிரா அல்லன். நம் கண்கள் இரண்டும் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடிச் செம்பைப் பாருங்கள். பின்னாலுள்ள கொட்டான் இடம் மாறுவதுபோல் தோன்றும். மேலும், மிகக் கூர்மையாகத் தெரியும் பகுதி சுமார் 2 பாகை மட்டுமே. கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான் அது. ஆகவே கண், நொடிக்கு இரண்டு மூன்று முறை இடம்விட்டு இடம் தாவுகிறது. அந்தத் துண்டுகளைக் கோத்து ஒரே காட்சியாக்குவது மூளை.

செஸான் நெடுநேரம் பார்த்துப் பார்த்து, மெதுவாக வரைபவர். தலை சற்று அசைந்தாலும் பார்வைக் கோணம் மாறும். பல பார்வைகளை ஒரே படத்தில் அவர் இணைத்தார். பொருந்தாத விளிம்புகள் அதன் தடயங்கள். 1906-இல் அவர் மறைந்தபின், பிராக்கும் பிக்காசோவும் இவ்வழியைக் கியூபிசம் வரை கொண்டுசென்றனர்.

பீக்கருக்கு வருவோம். பிறர் படித்தறிய வேண்டிய ஆய்வுப் படத்திற்கு ஒற்றைப் பார்வை தேவை. அந்த விதி நிற்கட்டும். ஆனால் அம்மாணவன் வாய் வட்டமென்றும், அடி தட்டையென்றும் அறிந்ததையே வரைந்திருந்தான். 'தவறு' என்பதற்குப் பதிலாக நான் எழுதியிருக்க வேண்டியது, 'எங்கிருந்து பார்த்தாய்?' என்ற கேள்வியைத்தான்.