புரட்டாசி இடிமழையை அளப்போம்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் பகல் வெப்பத்தால் ஈரக்காற்று மேலெழுந்து, மாலையில் இடிமேகமாகத் திரள்கிறது. இம்மழை ஓர் ஊரில் கொட்டும். அடுத்த ஊரில் தூறாமலும் போகும். 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட் காலின்ஸ் நகரில் இவ்வாறு ஓரிடத்தில் கொட்டிய மழையின் வெள்ளத்தில் ஐவர் மாண்டனர். மறு ஆண்டு முதல் அங்கே பொதுமக்களே மழையை அளந்து வருகின்றனர்.

நாமும் பஞ்சாயத்துதோறும் திறந்த வெளியில் மழைமானி அமைத்து, தினமும் காலை 8-30 மணிக்கு அளந்து குறிக்கலாம். 10 மில்லிமீட்டர் மழை, ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் நீராகும். மானாவாரி விதைப்புக்கு இக்கணக்கு துணை செய்யும்.

மின்னலுக்குப்பின் 30 விநாடிக்குள் இடி கேட்டால் வயலில் நிற்கலாகாது; மரத்தடியிலும் ஒதுங்கலாகாது. உறுதியான கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளிவருதல் வேண்டும்.