டீக்கடைச் சுவரில் 26 நாடுகள்: எப்படிச் சுற்றினார்கள் விஜயன் - மோகனா?

நாஞ்சில் நாட்டு ஜோடிகளின் போட்டோக்கள் பெரும்பாலும் மாத்தூர் தொட்டிப்பாலம், முட்டம் என்று பக்கத்திலேயே நின்றுவிடும். வெளிநாடு என்றால், 'காசுக்கு எங்க போக?' என்ற கேள்விதான்.

பக்கத்து மாநிலத்தில், கொச்சியில் சின்ன டீக்கடை நடத்திய விஜயன் - மோகனா தம்பதியின் கணக்கு இது: தினமும் 300 ரூபாய் தனியே எடுத்து வைத்தார்கள். அப்படியென்றால் வருஷத்துக்கு 1,09,500. அது போதாதே? மீதிக்குக் கடன். ஊர் திரும்பி, டீ ஆற்றிக் கடனை அடைத்துவிட்டு அடுத்த நாடு. கடன் வாங்கி டூரா என்று முகம் சுளிக்கலாம். ஆனால், அடைத்துக் காட்டினார்களே!

2007இல் இஸ்ரேல் போனார்கள். போட்டோக்கள் கடைச் சுவரை நிறைத்தன. 26ஆவது நாடு ரஷ்யா, 2021 அக்டோபரில். திரும்பிய சில வாரங்களில், நவம்பரில், விஜயன் காலமானார்.