மறதியுள்ள வாயிற்காவலன்

1960-களின் நடுவில் ஒரு நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலரும் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொண்டு வேலை செய்யும்படி பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய சகாக்களும் அமைத்திருந்த பெரிய கணினிக்குள் யார் நுழைந்தாலும், அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. நிர்வாகிகள் இருவர், ஒருவர் அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொல் பட்டியலையும், ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையாண்ட திருத்தும் நிரலோ தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைச் சூட்டும் சுபாவமுடையது. ஆகையால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துவிட்டது. கணினிக்குக் கடவுச்சொல்லைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடியாக எண்ணப்படும் கோர்பட்டோவே இதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதைக் கேட்பவர், ரகசியங்களையெல்லாம் ஓரிடத்தில் குவித்ததுதான் பிழை என்ற முடிவுக்கு வரக்கூடும். பின்னால் வந்த அனுபவம் அதற்கு நேர்மாறானது. ஒரு காரியாலயத்தில் அஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல், சம்பளக் கணக்குக்கு வேறொன்று, விடுப்பு விண்ணப்பத்துக்கு இன்னொன்று என்று பெருகியபோது, ஒரு பட்டியல் கசியும் ஆபத்து பத்துப் பட்டியல்கள் கசியும் ஆபத்தாக வளர்ந்தது. மனிதர்களோ பத்தையும் நினைவில் வைக்க இயலாமல் ஒரே சொல்லைப் பத்து இடங்களிலும் பிரயோகித்தபடியால், காவல் குறைந்த இடத்தில் கசிந்த சொல் காவல் மிகுந்த இடத்தையும் திறந்துவிட்டது. இந்தச் சங்கடத்திலிருந்துதான், கடவுச்சொல்லை ஒரே ஒரு சர்வர் மட்டும் அறிந்திருக்க, மற்றச் செயலிகளெல்லாம் அதன் வாக்கை நம்பி நடக்கும் ஏற்பாடு பிறந்தது. சிங்கிள் சைன்-ஆன், அதாவது ஒற்றை உள்நுழைவு, என்பது அதுவே.

இதன் பூர்வோத்தரமும் அதே கழகத்தில்தான் இருக்கிறது. 1983-இல் அங்கே தொடங்கிய அதீனா என்னும் திட்டம் வளாகமெங்கும் கணினிகளைப் பரப்பியபோது, வலைக்கம்பியின் வழியே போகும் கடவுச்சொல்லை வழியில் யாரேனும் ஒட்டுக் கேட்கலாம் என்ற பயம் எழுந்தது. நீதாம், ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் 1978-இல் வெளியிட்ட ஒரு முறையை ஆதாரமாகக் கொண்டு, ஸ்டீவ் மில்லரும் கிளிஃபோர்ட் நியூமனும் கெர்பரோஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். பாதாள உலகின் வாயிலைக் காப்பதாகக் கிரேக்கப் புராணம் சொல்லும் மூன்று தலை நாயின் பெயர் அது. அதில் கடவுச்சொல் வலையில் பிரயாணம் செய்வதே இல்லை. மைய சர்வர் காலவரையறை உள்ள ஒரு சீட்டைத் தருகிறது, அச்சீட்டைக் காட்டி மற்ற இடங்களுக்குள் போகலாம். ரகசியத்தைச் சொல்லாமல், ரகசியத்தை அறிந்தவர் என்பதற்கு அத்தாட்சியை மட்டும் காட்டும் இந்த யுக்தி, கணினிச் சாஸ்திரத்தின் மிக அழகான சிருஷ்டிகளில் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

பிரவுசர் வழியே எல்லாம் நடக்கும் காலம் வந்ததும் அந்தச் சீட்டு வேஷம் மாறியது. 2005-இல் சாம்ல் என்ற நெறிமுறையின் இரண்டாம் பதிப்பும், 2014-இல் ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற நெறிமுறையும் வந்தன. அந்த 2014-இலேயே, ரெட் ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர்கள், இந்நெறிமுறைகளையெல்லாம் பேசத் தெரிந்த கீக்ளோக் என்ற திறமூல சர்வரை முதன்முதலாக வெளியிட்டார்கள். வலைத்தளம் என்ற கருத்தே பிறந்த இடமான ஜெனிவாவின் செர்ன் ஆராய்ச்சிக் கூடம், தன் ஆராய்ச்சியாளர்களின் உள்நுழைவுக்கு இன்று இதைத்தான் பயன்படுத்துகிறது.

கீக்ளோக் வழங்கும் சீட்டை, அதாவது டோக்கனை, ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. முதல் பார்வைக்கு அர்த்தமற்ற நீண்ட எழுத்துத் தொடர். நடுவே இரண்டு புள்ளிகள், ஆக மூன்று பாகங்கள். தொடக்கத்தில் எப்போதும் இ, ஒய், ஜே என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கள். முதல் இரண்டு பாகங்களை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். நான் பிரித்துப் பார்த்ததில், வழங்கிய சர்வரின் முகவரி, என் பெயர், வழங்கிய நேரம், காலாவதியாகும் நேரம் ஆகிய எல்லாம் தெளிவாக இருந்தன. நேரங்கள் இரண்டும் 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து கடந்த விநாடிகளாக எழுதப்பட்டிருந்தன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தபோது மீந்தது 300, அதாவது ஐந்தே நிமிஷம். மூன்றாம் பாகம் கையொப்பம். சர்வர் தன் அந்தரங்கச் சாவியால் இட்ட அந்த முத்திரையை, அது பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் மற்றொரு சாவியைக் கொண்டு எந்தச் செயலியும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. எனவே டோக்கன் உறையிலிட்டு ஒட்டிய கடிதம் அல்ல, வழியில் எவரும் படிக்கக்கூடிய, ஆனால் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாத தபால் அட்டை. அதில் எழுதத் தகாததை எழுதாதிருப்பது அமைப்பவரின் பொறுப்பு.

இப்படி ஒரு ஸ்தாபனத்தின் நம்பிக்கை முழுவதையும் தாங்கும் சர்வரை எங்கே குடியேற்றுவது? இருபது ஆண்டுகளுக்கு முன்பானால் குளிரூட்டிய அறையில் தனி இயந்திரம் ஒன்றை வைத்து, அதற்குப் பெயரும் சூட்டி, பூப்போலப் பாதுகாத்திருப்பார்கள். 2013-இல் டாக்கர் வெளிவந்த பிறகு, ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய சகல உபகரணங்களையும் ஒரே கட்டாகக் கட்டி, கப்பலில் ஏற்றும் சரக்குப் பெட்டியைப் போல எங்கே வைத்தாலும் ஓடும்படி செய்யும் கன்டெய்னர் முறை பரவிற்று. அடுத்த ஆண்டு கூகுள் அறிமுகம் செய்த குபர்நெட்டிஸ், அத்தகைய பெட்டிகள் நூற்றுக்கணக்கானவற்றை மேற்பார்வை செய்யும் தளம்; சுக்கான் பிடிப்பவன் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். அதன் தர்மம் கொஞ்சம் கடுமையானது. எந்தப் பெட்டியும் எந்த க்ஷணமும் அழியலாம். அழிந்தால் அதைக் காப்பாற்ற முயலாமல், அதே அச்சில் வார்த்த புதியதொன்றை நிறுத்திவிடும். புதியவன் வேலை அறிந்தவன்தான், ஆனால் பழையவன் கண்டதும் கேட்டதும் அவனுக்குத் தெரியாது.

வாயிற்காவலனுக்கோ ஞாபகமே ஜீவன். யார் யார் உறுப்பினர், யார் இப்போது உள்ளே இருக்கிறார், முத்திரைச் சாவி எது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டியவனை, மறதியையே சுபாவமாக உடைய வீட்டில் குடிவைப்பதில்தான் இந்த வேலையின் சிரமமும் சுவாரசியமும் அடங்கியிருக்கின்றன. இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. முதன்முதலாகக் கீக்ளோக்கை என் சொந்தக் கணினியில் ஒரு சிறு குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் நிறுவியபோது, அபிவிருத்திப் பணிக்கென்று அது தரும் எளிய முறையிலேயே ஓடவிட்டு, ஒரு மாலை முழுவதும் செலவிட்டுப் பயனர்களையும் குழுக்களையும் அனுமதிகளையும் வரிசையாகச் சேர்த்தேன். உள்நுழைவுப் பக்கத்தில் தமிழில் வரவேற்புக்கூட எழுதினேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றும் இல்லை. இரவில் ஏதோ காரணத்தால் பெட்டி மாறியிருந்தது. அந்த எளிய முறையில் டேட்டாபேஸ் பெட்டிக்குள்ளேயே ஒரு சாதாரணக் கோப்பாக இருப்பதால், பெட்டியோடு அதுவும் போய்விட்டது. அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் எதை மறக்கலாம், எதை மறக்கக்கூடாது என்று பிரித்துவைப்பதே இதில் முதல் காரியம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நிரல் பெட்டிக்குள் இருக்கட்டும். பயனர் விவரமும் முத்திரைச் சாவிகளும் பெட்டிக்கு வெளியே, போஸ்ட்கிரெஸ் போன்றதொரு டேட்டாபேஸில், நிலையான வட்டில், நாள்தோறும் நகலெடுக்கப்பட்டு இருக்க வேண்டும்.

இரண்டாவது சிரமம் பெயர் சம்பந்தமானது. அனுபவமுள்ளவர்களையும் இது பல நாள் அலைக்கழிக்கும். கிளஸ்டரின் வாசலில் ப்ராக்ஸி என்னும் இடைநிலைச் சர்வர் ஒன்று நின்று, வெளியிலிருந்து வரும் மறையீட்டுத் தொடர்பை அங்கேயே அவிழ்த்து, உள்ளே சாதாரணத் தொடர்பாக அனுப்புவது வழக்கம். உள்ளே இருக்கும் சர்வர், தன்னை எல்லோரும் உள்பெயரால், காவலற்ற பாதையில் அழைப்பதாகவே எண்ணிக்கொண்டு, அந்தப் பெயரையே டோக்கனிலும் எழுதிவிடும். டோக்கனைப் பெற்ற செயலியோ, தான் நம்பும்படி சொல்லப்பட்ட முகவரி வேறாக இருப்பதைக் கண்டு அதை நிராகரிக்கும். பயனர் மறுபடி உள்நுழைவுப் பக்கத்துக்கே அனுப்பப்படுவார். அங்கிருந்து திரும்பவும் செயலிக்கு. சரியான கடவுச்சொல்லைத் தந்த பின்னும் இரு வாயில்களுக்கிடையே அவர் சுற்றிக்கொண்டே இருப்பார். ஊரார் தன்னை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்பதைச் சர்வருக்கு வெளிப்படையாக எழுதிக் கொடுத்து, ப்ராக்ஸி சேர்த்தனுப்பும் தலைப்புக் குறிப்புகளை நம்பும்படியும் பணித்தால் இது தீரும். ப்ராக்ஸியைத் தவிர வேறெவரும் அக்குறிப்புகளைச் சேர்க்க இயலாதபடி வழியை அடைப்பதும் கூடவே நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பொய்க் குறிப்பு சொல்பவனையும் சர்வர் நம்பிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜாவாவில் எழுதப்பட்ட சர்வர் விழித்தெழக் கொஞ்ச நேரம் கேட்கும். மேற்பார்வைத் தளம் பொறுமையின்றி உயிர் இருக்கிறதா என்று சோதித்தால், எழுந்திருப்பதற்குள் அதைக் கொன்று, மீண்டும் எழுப்பி, மீண்டும் கொல்லும். டேட்டாபேஸின் கடவுச்சொல்லைக் குபர்நெட்டிஸில் ரகசியம் என்ற பெயருள்ள பெட்டகத்தில் வைக்கிறார்கள்; ஆனால் அது அங்கே வெறும் எழுத்துமாற்றம் செய்யப்பட்டுத்தான் இருக்கிறது, தனியே ஏற்பாடு செய்தாலொழிய மறையீடு இல்லை என்பதைப் புதியவர் பலர் கவனிப்பதில்லை.

உள்ளே இருப்பவர் யார் யார் என்ற ஞாபக விஷயம் வெகு காலம் தீராமலே இருந்தது. ஒரே காவலன் போதாதென்று இரண்டு மூன்று பிரதிகளை ஓடவிடும்போது, காலையில் ஒரு பிரதியிடம் உள்நுழைந்தவரை மாலையில் மற்றொரு பிரதி அறிய வேண்டும். அதற்காக ஒவ்வொருவருடைய அமர்வும் பிரதிகளின் தற்காலிக நினைவில் பகிர்ந்து வைக்கப்பட்டது. ஒரு பிரதி விழுந்தால் மற்றது நினைவில் வைத்திருக்கும். ஆனால் பதிப்பை மாற்றுவதற்காக எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்தினால், ஸ்தாபனத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். 2024-இல் வந்த 26-ஆம் பதிப்பிலிருந்துதான், தனியே கேட்காமலே, அமர்வுகளும் டேட்டாபேஸில் எழுதப்படுகின்றன. இப்போது பிரதிகள் அனைத்தும் அழிந்து மீண்டாலும், பாதி எழுதிய விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருப்பவர் மறுபடி கடவுச்சொல் கேட்கப்படாமல் தன் வேலையைத் தொடரலாம்.

வெளியேற்றுவது, உள்ளே விடுவதைவிடக் கடினம். வேலையை விட்டு நீங்கிய ஒருவருடைய கணக்கை நிர்வாகி முடக்கினால், அவருடைய அமர்வு அந்த க்ஷணமே டேட்டாபேஸிலிருந்து அழிக்கப்படலாம். புதிய டோக்கன் அவருக்குக் கிடைக்காது. ஆனால் அவர் கையில் ஏற்கனவே இருக்கும் டோக்கனில் முத்திரை செவ்வனே இருக்கிறது. சர்வரைக் கேளாமல் முத்திரையை மட்டும் பார்த்து உள்ளே விடும் செயலிகள், அந்த 300 விநாடிகளில் மீதி இருப்பவை தீரும்வரை அவரை உள்ளே விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதை 60 விநாடியாகக் குறைக்க நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. குறைத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் நிமிஷத்துக்கு ஒருமுறை புதிய டோக்கன் கேட்டுச் செயலிகள் சர்வரின் கதவைத் தட்டும். அந்தப் பாரத்தைத் தாங்க இன்னும் எத்தனை பிரதிகளை நிறுத்துவது என்று அவர் கணக்குப் போட்டாக வேண்டும்.